நாலாவது செகண்டு

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க, மேடையேத்தி நாலு பேர உக்கார வச்சா நாலு பேரும் வாயத் தொறக்கணுமா வேணாமா? மாநாட்டு ஆபீஸ்லேர்ந்துதானே வர்றீங்க? நல்லதாப் போச்சு. அந்த மேக்கப் பெட்டிய நகத்திட்டு உக்காருங்க. அடுத்த வருஷமாவது பேசத் தெரிஞ்ச ஆளாப் பாத்துக் கூப்பிடச் சொல்லுங்க உங்க தலைவர. காலைல கலந்துரையாடல்ல என் மானமே போச்சு!

அந்தக் கடல் விஞ்ஞானி அம்மா இருக்காங்களே... பெரிய படிப்பு, நான் இல்லேங்கல. "அம்பது வருஷம் கழிச்சு கடல் எங்கம்மா நிக்கும்?"னு அழகா ஒரு கேள்வி கேக்கறேன். அவங்க என்ன பண்ணணும்? பதில் சொல்லணும். கண்ணாடியக் கழட்டறாங்க சார்! கழட்டி, கைக்குட்டையால தொடைக்கறாங்க! ஒண்ணு... ரெண்டு... மூணு... மூணு செகண்டு ஆச்சு! வேற வழி? நானே பதிலையும் சொல்லிட்டேன்.

என்ன? ஏதோ சொல்ல வந்தீங்க... இருங்க, இத முடிச்சுடறேன்.

மூணு செகண்டு உங்களுக்கு ஒண்ணுமில்ல. நான் இருபத்திரெண்டு வருஷம் ரேடியோவுல குப்ப கொட்டினவன். எங்க ஸ்டேஷன்ல ஒரு மெஷின் உண்டு. மைக்ல நாலு செகண்டு சத்தம் வரலேன்னா, ஆளு போய்ட்டான்னு அதுவே முடிவு பண்ணி ஒரு சோகப் பாட்டப் போட்டுடும். அப்புறம் மேலதிகாரி ரூம்ல நம்மளக் காய்ச்சுவாங்க. அதுலேர்ந்து தூக்கத்துல கூட மூணுக்கு மேல எண்ண மாட்டேன்.

அங்க என்ன படிச்சேங்கறீங்க? வானிலை! நாளைக்கு மழைம்பேன், மறுநாள் வெயில் மண்டையப் பொளக்கும். காய்கறிக் கடையில நிறுத்தி வச்சுத் திட்டுவாங்க. அப்புறம் ஸ்டேஷனையே இழுத்து மூடிட்டாங்க. ஒரு கூட்டத்துல வரவேற்புரைக்குக் கூப்பிட்டாங்க, போனேன். பேச வேண்டியவரு ஃப்ளைட்ட விட்டுட்டாரு. ஹால்ல கப்சிப்... விடுவேனா? "இன்னும் அம்பது வருஷத்துல"ன்னு ஆரம்பிச்சேன் பாருங்க, நாப்பது நிமிஷம்! மறுநாள் பேப்பர்ல 'எதிர்கால ஆய்வாளர்'னு போட்டுட்டான். நான் ஏன் மறுக்கப்போறேன்? நாளைக்கு மழைன்னா நாளைக்கே வந்து சட்டையப் பிடிப்பான். அம்பது வருஷம் கழிச்சு எவன் சார் வரப்போறான்?

அட, கைய ஆட்டாதீங்க, நேரம் நெறைய கெடக்கு.

மத்தவங்க கதையக் கேளுங்க. ரோபோ செய்யறவரு "அது வந்து..."ன்னு இழுத்தாரு. இழுக்க விட்டா அப்புறம் நான் என்ன தொகுப்பாளன்? முடிச்சுக் குடுத்தேன். நகரத் திட்டக்காரரு தண்ணி குடிச்சாரு, அவருக்கும் சேத்து நானே பேசினேன். நாலாவது ஆளு... அவர அறிமுகப்படுத்தவே மறந்துட்டேன்னு ஒரு பேச்சு அடிபடுது. சும்மா கெளப்பி விடறாங்க. எங்க வீட்டுக்காரி வேற முன்வரிசையில உக்காந்து கடிகாரத்தப் பாத்து எண்ணியிருக்கா. ஒரு மணி நேரத்துல அம்பத்தி மூணு நிமிஷம் நானாம்! "கேள்வியோட பதிலையும் கட்டி எடுத்துட்டு வர்ற ஒரே ஆளு நீங்கதான்"ங்கறா. நக்கலப் பாருங்க!

மறைப்பானேன், எனக்கு உள்ளுக்குள்ள பயமாத்தான் இருக்கு சார். போன வருஷம் ஆறு மாநாடு. இந்த வருஷம் இது ஒண்ணுதான். அதான் மூணு மணி நிறைவு நிகழ்ச்சிய நடத்தறப்போ பிச்சு ஒதறப்போறேன். அது நல்லாப் போனா அடுத்த வருஷமும் கூப்பிடுவீங்க. இல்லேன்னா வீட்டோட கெடந்து அவகிட்டதான் பேசணும். அவ இப்பவே காதுல பஞ்சோடதான் திரியறா.

...என்ன அது, கைதட்டறாங்க? மணி மூணு அஞ்சா! ஆரம்பிச்சுட்டாங்களா? நான் இங்க இருக்கேன், அங்க மைக்ல யாரு... கடல் அம்மாவா? அவங்களா நடத்தறாங்க?

காலைல நடந்ததப் பாத்துட்டு உங்க தலைவரே ஆள மாத்திட்டாரா? அதச் சொல்லத்தான் வந்தீங்களா? எப்ப மாத்தினாரு, ரெண்டரைக்கேவா!

அடப்பாவி மனுஷா! அரை மணி நேரமா எதிர்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கீங்களே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? சார்... சார்! எந்திரிச்சு எங்க போறீங்க? பதில் சொல்லிட்டுப் போங்க சார்!