நெருப்பில்லாத கணப்பு

உங்கள் விசாரணை அறையில் குளிருக்காக ஜன்னலை ஒட்டி மூடியவர் அவசரக்காரர். இடுக்கில் பஞ்சை அடைத்து, மேலே காகிதத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒட்டியிருக்கிறார், அதுவரை சரி. கீழ் மூலையில் சோப்பைக் கஞ்சத்தனமாகப் பூசியதால் காகிதம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த வழியாகத்தான் உங்கள் முழங்காலுக்குக் காற்று வருகிறது. குறை சொல்வதாக நினைக்காதீர்கள். வீட்டுச் சூடு எந்த வழியாக ஓடிப்போகிறது என்று பார்த்துப் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. பரணில் நீங்கள் எடுத்த, பஞ்சு வைத்துத் தைத்த குளிர்ச்சட்டை என்னுடையதுதான். மர அறுவை ஆலையில் கொடுத்தது. காலருக்குள் என் பெயர் தைத்திருக்கும். கெட்ட எண்ணம் உள்ளவன் பெயர் தைத்த சட்டையையா கொண்டுபோய் வைப்பான்? அதை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

எனக்கு நெருப்பென்றால் பயம். சைபீரியாவில் பிறந்துவிட்டு நெருப்புக்குப் பயப்படுகிறானாம் என்று ஆலையில் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நீனா என்று ஒரு தங்கை இருந்தாள். உங்களுக்குத் தெரியாததல்ல, அடுப்பில் விறகு எரிந்து முடிந்து, கங்கின்மேல் ஆடும் நீலச்சுடர் அடங்கிய பிறகுதான் புகைபோக்கித் தகட்டை மூட வேண்டும். ஆனால் தகடு திறந்திருக்கும் வரைக்கும் சூடு வானத்துக்குப் போகிறதே என்று வயிறு எரியும். எங்கள் ஊரில் அந்த அவசரம் இல்லாத வீடு கிடையாது. என் அம்மா ஒருநாள் மதியம் சீக்கிரம் மூடிவிட்டாள். நானும் நீனாவும் அடுப்பை ஒட்டிய திண்ணையில் படுத்திருந்தோம். என் தலை கதவிடுக்குப் பக்கம், அவள் தலை சுவர்ப் பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

புகை வந்திருந்தால் இருமியிருப்போம், ஓடியிருப்போம். கங்கு விடுகிற நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை கனக்கும். பிறகு கால் உங்கள் பேச்சைக் கேட்காது. நினைவு மட்டும் கடைசிவரை நன்றாக இருக்கும். எழுந்திரு, எழுந்திரு என்று சொல்லிக்கொண்டே படுத்துக் கிடப்போம். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

அதனால் பெரியவனாகி எனக்கென்று வீடு வந்த பிறகும், அடுப்பு எரிகிற நாளெல்லாம் நாய் மாதிரி மோப்பம் பிடித்துக்கொண்டு திரிவேன். வாசனையே இல்லாததை மோப்பம் பிடிக்கிறாயே என்று என் மனைவி ரிம்மா கேலி செய்வாள். அவள் அயர்ந்து தூங்கினால் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்புவேன். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு பழகிக்கொண்டாள்.

நெருப்பே இல்லாமல் வீட்டைச் சூடாக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது இப்படித்தான். கையோடு கையைத் தேய்த்தால் சுடுகிறது அல்லவா, அதே சங்கதி. ஒரு பீப்பாய்க்குள் இன்னொரு சின்னப் பீப்பாய். இரண்டுக்கும் நடுவில் விரல்கூட நுழையாத இடைவெளி, அதில் எண்ணெய். உள்ளே இருப்பதை மோட்டார் சுழற்றும். எண்ணெய் உராய்ந்து உராய்ந்து கொதிக்கும், வெளிப் பீப்பாய் சூடேறும், விசிறி அந்தச் சூட்டை அறைக்குள் தள்ளும். புகையில்லை, சாம்பலில்லை, தகடு மூடுகிற வேலையில்லை. ஆலையில் கழித்துப் போட்ட மோட்டார், பால் பண்ணையின் பழைய கேன், ஒரு டிராக்டரின் அச்சு. ஒரு கோடை முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து கடைந்தேன். முதல் தடவை அது சுழன்று வெளித்தகடு சுட்டபோது கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டு அழுதேன். என் கன்னத்தில் இருக்கும் தழும்பு அப்போது வந்ததுதான்.

பிறகு என் அடுப்பை இடித்தேன். மைனஸ் நாற்பது டிகிரி குளிர் அடிக்கிற ஊரில் அடுப்பை இடிக்கிறவனை என்ன சொல்வார்களோ, அதையெல்லாம் சொன்னார்கள்.

எங்கள் வீடு ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பத்துக்குக் கட்டியது. நடுவில் செங்கல் சுவர். அந்தப் பக்கம் யெஃபீம் லூகிச்சின் அடுப்பு, இந்தப் பக்கம் என்னுடையது, இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். மேலே ஒரே புகைபோக்கி, அதற்குள் ஆளுக்கு ஒரு வழி. பரண் பொது. யெஃபீம் லூகிச் மரலாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நல்ல மனிதர் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. அடுப்பு கிளறும் கம்பியால் சுவரில் தட்டி, "என்ன வேன்யா, பீப்பாய் இன்னைக்கு என்ன பாட்டுப் பாடுது?" என்று கத்துவார். செங்கல்லைத் தாண்டி நன்றாகக் கேட்கும்.

என் கணப்பு நன்றாகவே வேலை செய்தது. வெப்பமானியில் பதினெட்டு நின்றது. தெருவில் இருந்தவர்கள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். யெஃபீம் லூகிச்சும் வந்தார். பீப்பாயைத் தொடவில்லை. நேராகப் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"அடேயப்பா, சொகமா இருக்குடா வேன்யா. யார் வீட்டு விறகு இது?"

"இங்க விறகே கிடையாது, யெஃபீம் லூகிச்."

"முதுகை என் அடுப்புல வச்சுக்கிட்டு, பெருமையை உன் பீப்பாய்க்குக் குடுக்கிறியே, நியாயமா? அது பாட்டுப் பாடுது, என் அடுப்பு சம்பாதிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். ரிம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரியில் அவர் பேரக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு மகள் வீட்டுக்குப் போனார். அந்த வாரம் எங்கள் வீட்டுச் சூடு இறங்கியது. ரிம்மா கம்பளி பூட்ஸோடு படுத்தாள், ஜன்னலில் வைத்திருந்த ஜெரேனியம் செடி குளிரில் கருகிப்போனது. எண்ணெய் கெட்டிப்பட்டிருந்தது, பெல்ட் நழுவியது, அவ்வளவுதான் காரணம். இரண்டையும் மாற்றினேன். யெஃபீம் லூகிச் திரும்பி வந்த அன்றே கணப்பு பழையபடி வேலை செய்தது. நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. ரிம்மாவும் அப்படித்தான் பார்த்தாள்.

"திங்கக்கிழமை கொத்தனார் வர்றார்," என்றாள். "அடுப்பு திரும்பக் கட்டணும். இல்லேன்னா நான் அக்கா வீட்டுக்குப் போறேன், வேன்யா. உன் பயத்துக்காக நான் விறைச்சுச் சாக முடியாது."

திங்கட்கிழமை என் வீட்டுக்குள் நெருப்பு திரும்ப வரப்போகிறது. கரண்டியைப் பிடித்தால் சூப் மேஜையில் சிந்தியது. சாப்பிடவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கண்ணை மூடினால் நீனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் அப்போது மிகவும் பயந்துபோயிருந்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

முறையாகத்தான் முதலில் கேட்டேன். யெஃபீம் லூகிச்சிடம் போய், ஒரே ஒருநாள் அடுப்புப் பற்றவைக்காமல் இருங்கள், என் கணப்பு தனியாகத் தாங்குகிறதா என்று ரிம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்றேன்.

"தாராளமா," என்றார். "ஜூன் மாசம் வா."

"விளையாடாதீங்க."

"யாருடா விளையாடுறது? கீழ நிலவறைல உருளைக்கிழங்கு இருக்கு, அது உறைஞ்சு போனா உன் பீப்பாயையா வேகவச்சுத் திங்கறது? வீட்டுக்குப் போ. போய்ச் சுவருக்கு ஒரு முத்தம் குடு."

ஆகவே எனக்கு வேறு வழி வைக்காதது அவர்தான்.

நான் யோசித்தது ரொம்பச் சாதாரணமான விஷயம். அவர் புகைபோக்கி வழி அடைத்துக்கொண்டால் அடுப்பு எரியாது. கரி சேர்ந்துவிட்டது என்று நினைப்பார். கரி வாருகிறவர் சனி, ஞாயிறு வரமாட்டார். மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அவர் அடுப்பு ஆறும், என் கணப்பு ஓடும், திங்கட்கிழமை கொத்தனாரை வாசலோடு திருப்பி அனுப்பலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

சனிக்கிழமை பரணில் ஏறினேன். அவர் பக்கத்துப் புகைவழியில் கரி வாருவதற்கு ஒரு சின்னக் கதவு உண்டு. தொட்டுப் பார்த்தேன், கை பொறுக்கவில்லை. விறகு எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் சட்டையை உள்ளே திணித்தால் பொறி பட்டுப் பஞ்சு பற்றிக்கொள்ளும். மரக்கூரை, ஒரு நொடியில் இரண்டு வீடும் போய்விடும். நெருப்பு விஷயத்தில் நான் எவ்வளவு ஜாக்கிரதையானவன் என்று தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அதனால் காத்திருந்தேன். விறைத்துப்போய்க் குந்தியிருந்தேன். விறகு எரிந்து தீர்ந்தது. பரண் பலகை வழியாக அவர் முட்டைக்கோஸ் சூப்பை உறிஞ்சுவது கேட்டது. நாற்காலியைத் தள்ளுவது கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. சாப்பிட்டதும் ஒரு தூக்கம் போடுவார், வழக்கம். கங்கு மட்டும் மிஞ்சியிருக்கும் என்று நிச்சயமான பிறகு, பொறி பறக்காது என்று நிச்சயமான பிறகு, கதவைத் திறந்து சட்டையை அடைத்தேன். நன்றாக அழுத்தி அடைத்தேன். அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கம் இல்லை.

கங்கு என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாதா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் பொறியைப் பற்றித்தான் நினைத்தேன். ஒரு மனிதன் ஒரு சமயத்தில் ஒரு பயத்தைத்தான் பட முடியும்.

அவரும் தகட்டைச் சீக்கிரம் மூடிவிட்டார் என்றுதான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். ஊரில் மாதம் ஒரு வீட்டில் நடக்கிறது. ஆனால் யெஃபீம் லூகிச் தகட்டை மூடவே இல்லை, தூங்கி எழுந்து மூடலாம் என்று திறந்தே வைத்திருந்தார். அதனால்தான் நீங்கள் பரணில் ஏறினீர்கள். சட்டையை நான் ஏன் போய் எடுக்கவில்லை என்று கேட்டால், சோதனை முடியவில்லை. நடுவில் எடுத்தால் அத்தனையும் வீண்.

அன்று சாயங்காலம் ரிம்மா, எப்போதும்போல, அவருக்குக் கொடுக்க முட்டைக்கோஸ் பணியாரத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவர் கட்டிலில் இல்லை. பொதுச்சுவரின் அடியில், தரையில் கிடந்தார், கையில் அடுப்புக் கம்பியோடு. அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. கதவுகளைத் திறந்து போட்டார்கள், ஆட்கள் உள்ளேயும் வெளியேயும் போனார்கள். மறுநாள் என் கணப்பு ஓடிக்கொண்டிருந்தபோதே வாளித் தண்ணீரில் ஐஸ் படிந்தது என்கிறீர்கள். கதவைத் திறந்து போட்டால் எந்தக் கணப்புதான் தாங்கும்?

உங்கள் பொறியாளர் சொன்னதையும் கேட்டேன். என் பீப்பாய் தின்கிற மின்சாரத்துக்கு மேல் ஒரு துளியும் கொடுக்காதாம். சனிக்கிழமை என் அறை சூடாக இருந்ததற்குக் காரணம், புகைவழியை அடைத்ததால் யெஃபீம் லூகிச்சின் அடுப்புச் சூடு மேலே போகாமல் அத்தனையும் சுவருக்குள்ளேயே நின்றதுதானாம். அவர் படித்தவர், சொல்லட்டும். அவர் அன்று அங்கே இல்லை. நான் இருந்தேன்.

சுவர்ப்பூச்சில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், கம்பி பட்ட தடம் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். ரிம்மா இன்னும் உங்களிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அக்கா வீட்டில் யாரோடும் பேசாமல் இருக்கிறாளாம். நானே சொல்லிவிடுகிறேன்.

பரணிலிருந்து இறங்கி வந்து ரிம்மாவைக் கணப்புக்கு எதிரே உட்காரவைத்தேன். பக்கத்து அடுப்பு இன்றைக்கு ஆறுகிறது, இனி என் கணப்பு தனியாகத் தாங்குகிறதா என்று நீயே பார் என்றேன். அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. வழக்கமாக அவர் நின்றுகொண்டு தட்டுவார், நம் தலை உயரத்தில் கேட்கும். இது கீழே, தரையோரமாகக் கேட்டது. ஒன்று. நிறைய நேரம் கழித்து இன்னொன்று.

"யெஃபீம் லூகிச் தட்டுறார்," என்றாள் ரிம்மா.

"கிண்டல் பண்றார்."

"ஒண்ணும் பேசலையே, வேன்யா. பேசாம என்னிக்கு அவர் கிண்டல் பண்ணியிருக்கார்? நான் போய்ப் பார்த்துட்டு வரேன்."

அந்தத் தட்டலை எனக்குத் தெரியும். கால் பேச்சைக் கேட்காதபோது, கை மட்டும் கொஞ்சம் கேட்கும்போது, அப்படித்தான் தட்ட வரும். சின்ன வயதில் நான் அந்த அடுப்புத் திண்ணையின் பலகையில் அப்படித் தட்டியிருக்கிறேன், அம்மா அடுத்த அறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ரிம்மா எழுந்து கதவுப் பிடியில் கையை வைத்தாள். எனக்குப் பயம் வந்தது. அந்தக் கதவைத் திறந்தால் வெளிக்குளிர் உள்ளே வந்துவிடும், சூடு இறங்கிவிடும், அவ்வளவு பாடும் வீணாகிவிடும். அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். பிறகு தட்டுவது கேட்காதபடி மோட்டாரின் வேகத்தைக் கூட்டினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு வேகத்தைக் குறைத்துக் காது கொடுத்தேன். அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. ரிம்மா அழுதுகொண்டிருந்தாள். நான் வெப்பமானியைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். பதினெட்டு. பார்த்தாயா, இனி இந்த வீட்டில் யாரும் மூச்சு முட்டிச் சாக மாட்டார்கள் என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.