கோளாறு காணப்படவில்லை

உங்கள் ஜீப்பைக் கிளப்பும்போது கிரீச்சென்று ஒரு சத்தம் வருகிறதே ஐயா, அது ஃபேன் பெல்ட். இன்னும் ஒரு மாதம் தாங்கும், அதற்குள் மாற்றிவிடச் சொல்லுங்கள். வெளியே பெஞ்சில் காத்திருந்த நேரத்தில் மூன்று தடவை கேட்டேன். கை சும்மா இருந்தாலும் என் காது சும்மா இருக்காது, தொழில் அப்படி.

நான் லாரி எலக்ட்ரீஷியன். இருபத்திரண்டு வருஷமாக ஒரே பட்டறை. மலைப்பாதை இறக்கத்தில் பஸ் நிறுத்தத்துக்குள் லாரியை விட்டு மூன்று பேரைக் கொன்றதாக நீங்கள் பிடித்து வைத்திருக்கும் டிரைவர் என் கூடப்பிறந்த அண்ணன். ஓட்டும்போது கண்ணசந்துவிட்டேன் என்று நேற்று அவனே எழுதிக் கொடுத்துவிட்டானாம். அதைத் திருத்தத்தான் வந்தேன். அவன் தூங்கவில்லை, வண்டிதான் நின்றுபோனது. ஒரு கோளாறுக்குத் தப்பான காரணம் எழுதப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கோளாறில் ஒரு வகை உண்டு, வந்தால் வந்ததுதான். அது நல்ல கோளாறு. இன்னொன்று விட்டுவிட்டு வரும். நடுரோட்டில் கழுத்தை அறுக்கும், பட்டறை வாசலை மிதித்ததும் ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கும். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால் வாசலிலேயே பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிடுமே, அது மாதிரி.

எனக்கும் அப்படி ஒன்று வந்தது. ஒன்பது வயதில், இடது இடுப்பில். திடீரென்று பிடித்துக்கொள்ளும், காலை ஊன்ற முடியாது. அப்பாவும் லாரி டிரைவர்தான். இரண்டு தடவை தோளில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார். இரண்டு தடவையும் டாக்டர் முன்னால் நேராக நடந்தேன். வலி இல்லை, என்ன செய்வது. "எப்பவாவதுதான் வலிக்குதுப்பா" என்று சொன்னேன். அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "நடிக்கிறான்ப்பா, ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்" என்றான். அப்பா சிரித்தார். அன்றிலிருந்து நான் நொண்டினால் வீட்டில், "ஆக்டர் வந்துட்டாரு, வழி விடுங்க" என்பார்கள். சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதுகூட அதே கிண்டல். இரண்டு வருஷம் நடந்தது. கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது இடுப்பு மூட்டு நசுங்கிப்போயிருந்தது. இந்தக் கால் இரண்டு விரற்கடை குட்டை, பார்த்திருப்பீர்கள். கிளட்ச் மிதிக்க உதவாது. அப்பா விட்டுப்போன டிரைவர் சீட்டில் அண்ணன் உட்கார்ந்தான். அந்த சீட்டில் உட்கார வேண்டும் என்று கனவு கண்டவன் நான்.

சரி, வண்டிக்கு வருவோம். பதினாறு வருஷத்து டீசல் லாரி. கிழவி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் ஆரம்பத்தில் அண்ணன் கிழவியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான்.

"தம்பி, இவ இருந்தாப்போல கைய விரிச்சிடுறாடா. லோடு ஏத்தி, நல்லா சூடாயி, வளைவுல சாயும்போது படக்குனு ஆஃப் ஆயிடுது. ரெண்டு நிமிஷம் விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது."

"எப்பவும் வருதா?"

"இல்லடா. எப்பவாவது."

எப்பவாவது. எந்தக் குரலில் நான் சொன்னேனோ, அதே குரல். எனக்கு வந்ததைக் கோபம் என்று சொல்ல மாட்டேன்.

விட்டுவிட்டு வருகிற கோளாறைப் பிடிக்க ஒரே வழிதான். இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, ஓடவிட்டு, ஒவ்வொரு வயராகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பத்தே நிமிஷத்தில் பிடித்துவிட்டேன். இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்த்துச் சொல்ல, கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. அது வாயை மூடிக்கொண்டால் வண்டியின் கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும். அந்த சென்சாருக்குப் போகிற வயர் ஓர் இரும்புப் பட்டையில் உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. என் விரல் பட்டதும் இன்ஜின் பொசுக்கென்று நின்றது. மாற்றிக் கட்ட அரை மணி நேரம் போதும்.

அண்ணன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். "என்னடா, நின்னுடுச்சா?" என்று ஆசையாக ஓடிவந்தான்.

"இல்ல, நான்தான் ஆஃப் பண்ணேன்" என்றேன்.

வயரைப் பழையபடியே பட்டைக்குப் பின்னால் செருகினேன், இனி யார் கண்ணிலும் படாது. பட்டறையில் கண்ணால் காணாத கோளாறை எழுதக் கூடாது என்பது வழக்கம். வேலைக் கார்டில் 'கோளாறு காணப்படவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அவனுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு அவனிடம் வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அன்றைக்கு நீ சொன்னது உண்மைடா என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அங்கேயே, அந்த நிமிஷமே சரிசெய்து கொடுத்திருப்பேன்.

இரண்டாவது தடவை அவன் லாரி முதலாளியையும் கூட்டிக்கொண்டு வந்தான். கோளாறைப் படித்துக் காட்டும் கருவியை மாட்டிப் பார்த்தேன். இந்த முறை கம்ப்யூட்டரில் கோளாறு பதிவாகியிருந்தது. அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அழித்தேன். பிறகு முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து அண்ணனை ஓட்டிக்காட்டச் சொன்னேன். காலை நேரம், காலி வண்டி, குளிர்ந்த இன்ஜின், சமதளமான ரோடு. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நடக்கிற மாதிரி கிழவி அடக்கமாக ஓடினாள். "வண்டிக்கு ஒண்ணுமில்லப்பா, டிரைவருக்குத்தான் என்னமோ" என்றார் முதலாளி. லாரி ஷெட்டில் அண்ணனுக்குப் பட்டப்பெயரே 'எப்பவாவது' என்று ஆகிவிட்டது. "எப்பவாவது வந்துட்டாரா? எப்பவாவது சாப்பிட்டாரா?" என்று ஓட்டித் தள்ளினார்கள். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ரொம்ப இல்லை.

ஒரு நாள் அண்ணி பட்டறைக்கே வந்தார். எண்ணெய்க் கறைக்கு நடுவே எங்கே நிற்பது என்று தெரியாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உங்ககிட்டதான் கேக்க முடியும். வழியில படுத்துத் தூங்கிட்டு வண்டி மேல பழி போடுறாருன்னு முதலாளி சொல்றாரு. குடிக்கிறாரோன்னு வேற பேசிக்கிறாங்க. நீங்க சொல்லுங்க, வண்டியில நெஜமாவே எதுவும் இல்லையா?"

"இல்ல அண்ணி. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"அப்ப எங்கிட்டயும் பொய்தான் சொல்றாரு" என்றார் அண்ணி. கார்டில் இருந்ததற்கு மேல் நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் அவர் வீட்டில் தினமும் அண்ணனின் வாயை மோந்து பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன்.

விபத்து அன்று என்ன நடந்தது என்று என்னால் பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி சொல்ல முடியும். லோடு வண்டி, சூடான இன்ஜின், இறக்கம். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கக் கிளட்சை மிதித்திருப்பான். வண்டி சாய்ந்த அந்த நொடியில் வயர் இரும்பில் பட்டது. இன்ஜின் நின்றது. இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும் ஐயா, பயில்வானாலும் அத்தனை பாரத்தோடு திருப்ப முடியாது. வளைவு திரும்பியது, வண்டி திரும்பவில்லை. அங்கேதான் பஸ் நிறுத்தம்.

அந்த மூன்று பேரைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அவர்களை எனக்கு முன்பின் தெரியாது. எனக்கும் அவர்களுக்கும் எந்த மனஸ்தாபமும் கிடையாது. ஒரு பெண் கையில் பால் பாக்கெட் வைத்திருந்தாள் என்று பேப்பரில் படித்தேன்.

நொறுங்கிய வண்டியைப் பார்த்துச் சொல்ல லாரி முதலாளி என்னைத்தான் அனுப்பினார். கிழவியை என்னைவிட யாருக்குத் தெரியும். உரிந்த வயரை வெட்டி எடுத்துவிட்டு, அதே நிறத்தில் அழுக்கான வேறு வயரை மாட்டினேன். உங்கள் ஆட்கள் அதைத்தான் சோதித்தார்கள். இந்தப் பொட்டலத்தில் இருப்பது பழையது. பிரித்துப் பாருங்கள், செம்பு தெரியும்.

ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்த்தேன். தோள்பட்டையில் கட்டு. "நீ ரெண்டு மூணு தடவை பாத்து எழுதிக் குடுத்தியேடா. உன் கை தப்பாது. அப்ப நான்தான் தூங்கியிருக்கணும். எனக்குத்தான் ஞாபகம் இல்ல" என்றான். முதலில் ஊர் அவனை நம்பவில்லை, பிறகு பெண்டாட்டி, கடைசியில் அவனே தன்னை நம்பவில்லை. அவன் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது என் கார்டைப் பார்த்துத்தான். இத்தனை பேரில் என்னை மட்டும் நம்பியிருக்கிறான், பைத்தியக்காரன்.

இரண்டு தடவையா மூன்று தடவையா என்று பார்க்கிறீர்கள். மூன்று. மூன்றாவது கார்டு விபத்துக்கு முந்தின நாள் போட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன், முழுசாக எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அவன் வண்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்:

"நெஜத்தச் சொல்லியும் ஒருத்தரும் நம்பலேன்னா எப்படி இருக்கும்னு இப்பதான்டா தெரியுது. சின்ன வயசுல உன் கால... நடிக்கிறான்னு அப்பாகிட்ட சொன்னது நான்தான். நீ உண்மையத்தான்டா சொன்ன. பெரிய பாவம் பண்ணிட்டேன் தம்பி. என்னை மன்னிச்சிடுடா."

முப்பத்து நாலு வருஷம். நான் கேட்ட வார்த்தை அதுதான் ஐயா, ஓர் எழுத்துக் குறையவில்லை. சொல்லும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு மனசு அப்படியே குளிர்ந்துபோனது. இன்னொரு தடவை அவன் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது.

அதனால் கார்டில் அதே இரண்டு வார்த்தையை எழுதி அவன் கையில் கொடுத்து, "ஒரு ட்ரிப் போயிட்டு வா அண்ணே, வந்ததும் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவைத்தேன்.