வினாவைப் பிரிந்த வீடியோ

(அஹதிய்யா ஞாயிற்றுப் பாடசாலையின் பரிசளிப்பு விழாவில் நூருன்னிஸா ஆற்றிய உரை)

பார்க்கக் கண்ணும், பார்த்ததைப் பகுத்தறிய நெஞ்சும் தந்த படைத்தவனின் திருப்பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன்.

விழாவின் தலைமை ஆசனத்தை அழகுபடுத்தி அமர்ந்திருக்கும் எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் லாபிர் ஹாஜியார் அவர்களே! மார்க்கத்தை மலர்ந்த முகத்தோடு சொல்லித் தரும் மௌலவி அவர்களே! மாத்தளை நகரிலிருந்து மழையையும் மதியாது வந்திருக்கும் விருந்தினர், கணினி ஆசிரியர் கிறிஸ்தோபர் அவர்களே! ஞாயிறு தவறாமல் எங்கள் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் குணமும் கற்பிக்கும் றஹீமா முஅல்லிமா அவர்களே! வெள்ளைத் தாடியும் விசாலமான உள்ளமும் கொண்ட பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பரிசுக்காகப் பரபரக்கும் பிள்ளைச் செல்வங்களே! வெளியே நழுவ வசதியாகப் பின்கதவோரக் கதிரையைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்திருக்கும் மர்சூக் நானா அவர்களே! உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் சாந்தி பொழியட்டும். அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ஒன்லைன் வினாக்களில் வீடியோ சேர்த்த அனுபவம். நல்ல தலைப்பு. நாலு நல்ல வார்த்தை சொல்லி, நன்றி கூறி, நான் பாட்டுக்கு இறங்கிப் போய்விடலாம். ஆனால் முடியவில்லை. காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துணி காயப்போடப் போனேன், பாதியில் திரும்பி வந்தேன். உலையை வைத்தேன், அரிசி போட மறந்தேன். ஏன் தெரியுமா? நிகழ்ச்சி நிரலில் என் பேச்சுக்கு அடுத்தபடியாக ஒரு தீர்மானம் இருக்கிறது. வீடியோ வினாக்களை நிறுத்துவது என்ற தீர்மானம். அந்தத் தீர்மானத்தின் அடியில் ஒரு மனிதர் நசுங்கிக் கிடக்கிறார். அவர் பெயர் நிரலில் இல்லை. அவர் பெயரைச் சொல்லாமல் நான் எப்படி இறங்குவேன்?

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். மண்சரிந்து பாதை மூடிய அந்த மாதங்களை மறந்திருக்க மாட்டீர்கள். பல்லேபொலப் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் பக்கம் வர வழியில்லை. அலுவிகாரைப் பக்கம் போன பஸ் அங்கேயே நின்றது. அப்போதுதான் அஹதிய்யா வகுப்பு கைபேசிக்குள் குடியேறியது. முஅல்லிமா பாடம் நடத்துவார். ஒன்லைனில் வினாவிடை வைக்கும் பொறுப்பு என்னுடையது. எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. தட்டிப் பார்த்தேன், தவறிப் பார்த்தேன், தடவிப் பிடித்தேன். அவ்வளவுதான்.

முதல் வினாக்கள் எல்லாம் எழுத்தில். எல்லாப் பிள்ளைகளும் முழுப் புள்ளி. எனக்கு எவ்வளவு பெருமை! பிறகு விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அத்தனை பேரும் ஒரே சொல்லை ஒரே மாதிரிப் பிழையாக எழுதியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை எழுதியது, ஊரே பிரதி எடுத்தது. சிரிக்காதீர்கள் தாய்மார்களே, அதில் சில விடை உங்கள் விரல் தட்டியது.

கிறிஸ்தோபர் சேருக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவித் தூய்மையாவதை நாங்கள் வுழூ என்போம். அதற்கு ஒழுங்கு உண்டு, எல்லை உண்டு. காலில் குதி, அதாவது குதிகால், நனையாமல் காய்ந்திருந்தால் வுழூ செல்லாது. இந்த ஒழுங்கை ஜஸ்லா என்ற எங்கள் வகுப்புச் சின்னப் பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஆனால் குழாயடியில் நிறுத்தினால், இரண்டு காலையும் தண்ணீரில் நனைத்துவிட்டு ஓடி வந்துவிடுவாள். வாயில் இருந்த பாடம் காலுக்கு வரவில்லை!

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. எழுத்தில் கேட்டால் எழுத்தில் திருடுவார்கள். ஒரு வீடியோத் துண்டைக் காட்டி, "இவர் வுழூ செய்வதில் என்ன பிழை?" என்று கேட்டால்? பார்க்க வேண்டும். பார்த்ததை நினைக்க வேண்டும். நினைத்ததைச் சொல்ல வேண்டும். முதல் முயற்சியில் நானே அசடு வழிந்தேன். துண்டுக்கு "குதி காய்ந்தது" என்று பெயர் வைத்துச் சேமித்திருந்தேன். அந்தப் பெயர் வினாவுக்குக் கீழேயே பளிச்சென்று தெரிந்தது. மறுபடியும் எல்லோருக்கும் முழுப் புள்ளி! அதற்குப் பிறகு கற்றுக்கொண்டேன். துண்டு குறுகியதாக இருக்க வேண்டும். விடை தெரியும் முன் நிற்க வேண்டும். பெயர் எதையும் காட்டிக்கொடுக்கக் கூடாது.

எல்லாம் சரி. ஆனால் பெரியோர்களே, பிழையான வுழூவைப் படம் பிடிக்க வேண்டுமென்றால், யாராவது ஒருவர் பிழையாக வுழூ செய்ய வேண்டுமே! யார் செய்வார்?

ஊரெல்லாம் கேட்டேன். கடைக்கார ஸுஹைல் நானா அதோ பின்வரிசையில் இருக்கிறார். அவர் என்ன சொன்னார்? "சரியாச் செய்யச் சொல்லுங்க ராத்தா, ஆயிரம் தரம் செய்றேன். பிழையாச் செய்யச் சொல்லாதீங்க." இன்னொருவர் முகம் தெரியாமல் எடுத்தால் யோசிப்பதாகச் சொன்னார், யோசித்துக்கொண்டே இருக்கிறார். என் கணவரிடம் கேட்டேன். அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "நான் கெமராவுக்கு முன்னால பிழை விட்டா, நன்மையும் பாவமும் எழுதுற மலக்கு அதை எந்தத் தோள்ல நிண்டு எழுதுவார்? நீ பதில் சொல்லு, நான் வாறேன்" என்றார். மௌலவியிடம் போய்க் கேட்டோம். கற்பிப்பதற்காகத்தானே, தாராளமாகச் செய்யலாம், தொழுகைக்கு முன் மீண்டும் சரியாகச் செய்துகொண்டால் போதும் என்றார். அனுமதி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

கடைசியில் வந்தவர்தான் மர்சூக் நானா. தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறிக்காரர். எங்கள் பள்ளிவாசலில் சுபஹுத் தொழுகைக்கு ஊரை அழைத்துப் பாங்கு சொல்பவரும் அவரே. லொறி எங்கே நின்றாலும் விடியலுக்கு வந்து சேர்ந்துவிடுவார். "பிள்ளைகள் கண்டுபிடிக்கும் எண்டா நான் பிழை விடுறேன். பிழை விடுறது எனக்கென்ன புதுசா?" என்று சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். முகத்துக்கு முன் முழங்கை வரை கையைக் கழுவினார். குதியைக் காய விட்டார். நான் எடுத்து முடித்ததும், அதே குழாயடியில் ஆற அமர ஒழுங்காக ஒரு வுழூ செய்துவிட்டுத்தான் லொறியில் ஏறினார்.

அந்த வினா வெளிவந்த ஞாயிற்றுக்கிழமையை எப்படிச் சொல்வேன்! "குதி காயுது, குதி காயுது" என்று வீட்டுக்கு வீடு கூச்சல். ஜஸ்லா அன்று லுஹர் தொழுகை நேரம் தன் வாப்பாவின் பின்னால் போய் நின்று, "வாப்பா, குதி" என்றாளாம். அவரும் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் கழுவினாராம். அவர் யார் என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒருவர் தலையைக் குனிகிறார், அவரைப் பார்க்காதீர்கள்.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

யாரோ ஒருவர் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தார். வினாவை விட்டுவிட்டார். "எங்கட பள்ளியில பாங்கு சொல்றவர்ட வுழூவைப் பாருங்க" என்று கீழே ஒரு வரி எழுதி வட்ஸ்அப்பில் விட்டார். யார் என்று நான் தேடவில்லை. தேடி என்ன செய்ய? ஒருவர் அனுப்பினார் என்றால் ஊரே அல்லவா அடுத்தவருக்கு அனுப்பியது! மாத்தளைக்குப் போனது. தம்புள்ளைக்குப் போனது. கடல் தாண்டிக் கட்டாருக்குப் போய், அங்கிருந்து என் சொந்தத் தம்பியின் வழியாக என் கைபேசிக்கே திரும்பி வந்தது. "ராத்தா, இது உங்கட ஊராமே?" என்று கேட்டான்.

நான் வீட்டுக் கணக்கை அந்தி சாயும் முன் எழுதி முடிப்பவள். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். வரவைக் கிழித்தெறிந்துவிட்டுச் செலவை மட்டும் ஊருக்குக் காட்டினால் என் கணவர் ஊதாரியாகத் தெரிவாரா, மாட்டாரா? அந்தத் துண்டில் பொய் ஒன்றும் இல்லை. குதி காய்ந்ததும் உண்மை. கை முந்தியதும் உண்மை. கேள்வியைக் கிழித்த பிறகு, அந்த உண்மையே ஓர் அவதூறாக ஊர் சுற்றியது.

தம்புள்ளைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், "மர்சூக் நானா, மரக்கறிக்காவது தண்ணி முழுசாத் தெளிச்சீங்களா?" என்று கேட்டார்களாம். அவரும் சேர்ந்து சிரித்தாராம். சந்தைச் சிரிப்பு சந்தையோடு போகும். ஆனால் பள்ளிவாசலில்? மிகவும் மரியாதையாக, மிகவும் மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சொன்னார்: விஷயம் தெளியும் வரைக்கும் சுபஹுக்கு வேறு யாராவது பாங்கு சொல்லட்டுமே என்று. மர்சூக் நானா மைக்கை விட்டு விலகினார். பின்வரிசைக்குப் போனார். விஷயம் தெளிந்ததா? தெளியவைக்க எவர் வந்தார்? எங்களில் எவருக்குத் தெரியாது அது வினாவென்று? எங்கள் பிள்ளைகள்தானே விடை எழுதினார்கள்! தெரிந்தும் ஏன் இருந்தோம்? ஊர் வாயில் விழுந்த ஒருவரின் பக்கத்தில் நிற்கப் பயந்தோமா?

அவர் மனைவி முனவ்வரா வேலியோரம் நின்று என்னிடம் சொன்னதை, முனவ்வராவிடமே அனுமதி கேட்டுவிட்டு இங்கே சொல்கிறேன்.

"இன்னும் அதே நேரத்துக்கு எழும்புறார் ராத்தா. வுழூ எடுக்கிறார். வாசல் வரைக்கும் போறார். பிறகு வந்து, அறைக் கதவைச் சாத்திட்டு மெல்லமாச் சொல்றார். பாங்கை. எனக்குக் கேக்குது. எனக்குக் கேக்குறது அவருக்குத் தெரியாது."

இப்போது தெரிந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் நானா. எழும்பிப் போக வேண்டாம். அந்தக் கதவருகில் இருக்கும் பிள்ளைகளே, அவருக்கு வழி விடாதீர்கள்.

தலைவர் அவர்களே, மணியை அடித்துவிட்டீர்கள், கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் தாருங்கள். தீர்மானத்துக்கு வருகிறேன். வீடியோவை நிறுத்தினால் வினை தீரும் என்கிறீர்கள். துண்டா குற்றவாளி? துண்டித்த கை அல்லவா குற்றவாளி! அதற்கும் நான் ஒரு வழி செய்திருக்கிறேன். இனி ஒவ்வொரு வீடியோவிலும், நடிப்பவர் செய்து காட்டும் நேரமெல்லாம், "இதில் ஒரு பிழை இருக்கிறது, தேடுங்கள்" என்று படத்தின் மேலேயே எழுத்து ஓடும். எங்கே வெட்டினாலும் கேள்வி கூடவே வரும். குரலிலும் வரும், எழுத்திலும் வரும். கிறிஸ்தோபர் சேர் தலையாட்டுகிறார், பாருங்கள். இது நடக்கிற காரியம்.

நடக்காத காரியம் வேறொன்று. அடுத்த பாடம் தொழுகை. குனியும் ருகூவில் ஒரு பிழை, நெற்றி பதிக்கும் சுஜூதில் ஒரு பிழை காட்ட வேண்டும். யார் வருகிறீர்கள்? கையை உயர்த்துங்கள்.

எங்கே கைகள்?

வாழைப்பழ வியாபாரம் பேசிக்கொண்டிருந்த பின்வரிசையும் இப்போது வாய் மூடிவிட்டது! இந்த மௌனத்தின் பொருள் எனக்கு விளங்குகிறது. மர்சூக் நானாவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு எவர் வருவார்? நல்ல பெயர் வேண்டும் என்று நாம் எல்லோரும் ஓடுகிறோம். தன் நல்ல பெயரைப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகமாக விரித்து வைத்தவர் ஒருவர். அவரைத்தான் பின்வரிசையில் உட்கார வைத்தோம். அவரை அங்கேயே விட்டுவிட்டு, வீடியோவை நிறுத்துவோமா தொடர்வோமா என்று தீர்மானம் நிறைவேற்றப் போகிறோமா? நிறுத்தினால், அவர் குற்றவாளி என்று நாமே முத்திரை குத்துகிறோம். தொடர்ந்தால், அவர் இல்லாமல் எந்த முகத்தோடு தொடர்வோம்? என் மனம் ஆறவில்லை! என் மனம் அடங்கவில்லை! ஆறவும் கூடாது, அடங்கவும் கூடாது!

ஆகையால் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. மஃரிப் தொழுகைக்கு நேரமாகிறது. இந்த மண்டபத்தில் இப்போது ஒருவர் பாங்கு சொல்லத்தான் வேண்டும். யார் சொல்வது என்று தலைவர் அவர்கள் தீர்மானிக்கட்டும். அதுதான் இன்றைய தீர்மானம். மற்றது பிறகு.

தலைவர் எழும்புகிறார். மேடையை விட்டு இறங்குகிறார். தாய்மார்களே, பொறுங்கள், இருங்கள். நடுப்பாதையால் போகிறார். நானாவின் கதிரையடியில் நின்று தோளில் கை வைக்கிறார். என்னமோ சொல்கிறார், எனக்குக் கேட்கவில்லை. மர்சூக் நானா வேண்டாம் என்று தலையாட்டுகிறார். தலைவரின் கை தோளை விட்டு எழும்பவில்லை.

இப்போது என்ன சொன்னார் மர்சூக் நானா? ஸுஹைல் நானா, பக்கத்தில் இருக்கும் உங்களுக்குக் கேட்டிருக்குமே, சத்தமாகச் சொல்லுங்கள்.

"குழாய் எந்தப் பக்கம்" என்று கேட்டாராம். "வுழூ எடுத்துட்டு வாறேன்" என்றாராம்.

அல்ஹம்துலில்லாஹ். போகட்டும். வழி விடுங்கள் பிள்ளைகளே, இப்போது விடலாம். ஆனால் ஒருவரும் பின்னால் போகாதீர்கள். கைபேசிகள் சட்டைப் பைக்குள் இருக்கட்டும். அந்தக் குதி நனைந்ததா என்று எட்டிப் பார்க்கும் உரிமை இந்த மண்டபத்தில் எவருக்கும் இல்லை.

பாங்கு சொல்லும்போது நான் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், மணியை அடித்தும் என்னை விட்டுவைத்த தலைவருக்கும், இடம் தந்த முஅல்லிமாவுக்கும், என் தாய்மாருக்கும் நன்றி. உங்கள் எல்லோர் வீட்டிலும் நிம்மதி நிலைக்கட்டும். வஸ்ஸலாம்.