கண்ணாடியில கேரவன் தெரியணும்

இல்ல தம்பி, ஒழுகாது. நேத்து சாயங்காலம் கிள்ளான்ல கொட்டுன மழைக்கு எங்க வீட்டு அடுப்படியே நனைஞ்சிருச்சி, இந்தக் கேரவனுக்குள்ள ஒரு சொட்டு இல்ல. உள்ள அப்புறம் பாக்கலாம். வீட்டுல பால் இல்ல, தே ஓதான், மொதல்ல குடிங்க, ஆறிப்போகுது. பிரிக்பீல்ட்ஸ்ல தேத்தண்ணிக் கடை வெச்சிருக்கிறவருக்கு என் தே ஓ எங்க புடிக்கப்போகுது, ஆனாலும் குடிங்க.

டயரப் பாருங்க. போன வருஷம்தான் மாத்துனது. இந்தக் கொக்கிக்கு எங்க வீட்டுக்காரர் தன் கையாலயே கிரீஸ் போடுவாரு. கப்பல் போர்ட்ல லோரி ஓட்டுனவரு, வேற ஆள் தொட்டாப் புடிக்காது. இத வாங்கிட்டு வந்தப்ப நான் அவரோட பேசவே இல்ல. இருக்குற வீட்டுக்கே கூரை மாத்த வக்கில்ல, சக்கரம் வெச்ச வீடு ஒண்ணு கேக்குதான்னு. அப்புறம் போர்ட் டிக்சன்ல கடலுக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்தி, கதவத் தொறந்துவிட்டு, ம், இப்ப உலை வைன்னாரு பாருங்க, கோவம் எங்க போச்சின்னே தெரியல. எங்க போனாலும் எனக்கு அடுப்புதான் லா. ஆனா கடலப் பாத்துக்கிட்டு ரசம் வைக்கிறது வேற மாதிரி தம்பி.

எலுமிச்சம்பழமா? அது... வண்டி கெளம்புறதுக்கு முன்னால சக்கரத்துக்கு அடியில வைப்போம்ல, நசுக்கிட்டுப் போறதுக்கு. நீங்க பாய் வீட்டுப் பிள்ளை, இருந்தாலும் பாத்திருப்பீங்க. ஆமா, காஞ்சதும் கெடக்கு, பச்சையும் கெடக்கு. நானும் கூட்டிக் கூட்டித் தள்ளுறேன், மறுநா காலையில புதுசு வந்துருது. ஐயோ, செய்வினை கிய்வினை எல்லாம் ஒண்ணும் இல்ல. உக்காருங்க காதர் தம்பி. போயிறாதீங்க. சொல்றேன்.

வெலை கம்மியா சொன்னா சந்தேகப்படுறீங்க. கூட சொன்னா யோசிச்சிட்டு வரேன்னு போயிடுவீங்க. உங்களுக்கு முன்னால ஒரு டவுக்கே வந்தாரு, பெரிய மொதலாளி, நல்ல வெலைதான் கேட்டாரு, ஆனா அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிறேன்னாரு. எனக்கு அடுத்த வாரம் ஆகாது. இன்னிக்கே இழுத்துட்டுப் போற ஆளுக்குத்தான் இது. அதான் போன்லயே கேட்டேன், கொக்கி உள்ள காடியிலதான வர்றீங்க, இத இழுக்குற வண்டிதானன்னு.

இந்தக் கையா? கதவுல பட்டுக்கிச்சி.

அந்தச் சத்தமா, பூனை.

இல்ல, பூனை இல்ல. எப்படியும் கதவத் தொறக்கத்தான போறீங்க. எங்க வீட்டுக்காரர்தான் உள்ள உக்காந்திருக்காரு. பரமேஸ்வரன்னு பேரு. விடிஞ்சதும் சட்டை மாட்டி, தலை சீவி, சக்கரத்துக்குப் பழம் வெச்சிட்டு ஏறிருவாரு. பயணம் போறாராம். மறதி நோய் தம்பி. வயசா? அறுபத்தொண்ணுதான். அதத்தான் டாக்டர்கிட்ட நானும் கேட்டேன். மொதல்ல சாவிய மறந்தாரு, அப்புறம் வீட்டுக்கு வர்ற வழிய மறந்தாரு. போன மாசம் ஹைவே ஓரமா நடந்து போயிட்டிருந்தவர, பழைய லோரிக் கூட்டாளி அய்யாவு அண்ணன் பாத்துக் கொண்டாந்து விட்டாரு. வேற யாராச்சும் பாக்காம இடிச்சிருந்தா? நான் கேன்டீன் வேலைக்குப் போனாத்தான் அடுப்பு எரியும். பூட்டிட்டுப் போனா, தெருவே கேக்குற மாதிரி கதவப் போட்டுத் தட்டுறாரு. மக புனிதா ஜொகூர்ல வாழ்க்கைப்பட்டிருக்கா, அங்க மாமனார் படுத்த படுக்கை. அவளக் கொற சொல்ல முடியாது.

ஷா ஆலம்ல ஒரு இல்லம் இருக்கு, இந்த மாதிரி ஆளுங்களப் பாத்துக்கிறாங்க. ஒரு கட்டில் காலியாச்சி. இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் வெச்சிருப்போம் ஆன்டி, அப்புறம் வேற ஆளுக்குன்னு அந்த நர்ஸ் பிள்ளை சொல்லிட்டா. நீங்க இந்தக் கேரவன்ல புதுசா கடை போடப்போற எடத்துக்குப் போற வழியிலதான் இருக்கு. நான் விசாரிச்சிட்டேன்.

கிராப் டாக்சியில கூட்டிப்போய்ப் பாத்தாச்சி தம்பி. சிக்னல்ல கதவத் தொறந்து எறங்கிட்டாரு. பின்னால கேரவன் இல்ல, கழண்டு விழுந்துருச்சின்னு நடுரோட்ல திரும்பி நடக்குறாரு. ஹோர்ன் அடிக்கிறானுங்க, நான் ஒத்த செருப்போட பின்னால ஓடுறேன். கண்ணாடியில இது தெரியணும் அவருக்கு. தெரிஞ்சிச்சின்னா கைய மடியில வெச்சிக்கிட்டு எவ்வளவு தூரம்னாலும் வருவாரு. உங்க ஹைலக்ஸ் வண்டியில முன்னால ஏத்திக்குங்க. வாசல்லயே ஆள் நிப்பாங்க, எறக்கி விட்டுட்டா உங்க வேலை முடிஞ்சிச்சி. கேரவன் உங்களுது.

பாவம்தான். அங்க போய் இத எங்கன்னு கேப்பாரு. கொஞ்ச நாள்ல மறந்துருவாரு, கவலப்படாதீங்கன்னு டாக்டர் சொல்றாரு. அவரு நல்லதுக்குத்தான் சொல்றாரு. எனக்குத்தான் அது ஆறுதலா இல்ல.

நானா? கூட வந்தா சரிப்படாது. உங்களுக்குப் பின்னால மோட்டார் சைக்கிள்ல வரேன். அவரு பாக்காத மாதிரி.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. வழியில சீதா எங்கன்னு கேப்பாரு. தெனமும் உள்ள உக்காந்திருக்கிறதே அதுக்குத்தான், சீதா வரட்டும், வந்ததும் கெளம்பலாம்னு. நீங்க என்ன சொல்லணும்னா, சீதா முன்னாலயே போயிட்டாங்க, அங்க உலை வெச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லணும். அவ்வளவுதான். நீங்க சொன்னா நம்புவாரு. நேத்து நான் சொல்லிப் பாத்தேன். என் பொண்டாட்டியப் பத்தி உனக்கு என்ன தெரியும், சமைக்க வந்தவ சமைச்சிட்டுப் போன்னு தள்ளிவிட்டாரு. அப்பதான் கை கதவுல பட்டுக்கிச்சி.

யாரு, சீதாவா?

நான்தான் தம்பி. கெளாஸ இப்படிக் குடுங்க. அந்தப் பழத்த எடுக்காதீங்க, மேல ஏத்தியே போங்க. ரொம்ப நாளா வெச்சிக்கிட்டு இருக்காரு.