பாதி காட்டிய முள்

"உனக்குக் காது நல்லாக் கேக்குதுல்ல?" என்று அப்பா என்னிடம் கேட்டபோது, நான் பள்ளிக்கூடப் பைக்குள் சாப்பாட்டு டப்பாவைத் திணித்துக்கொண்டிருந்தேன். நன்றாகக் கேட்கும் என்றேன். அப்படியானால் பையை இறக்கி வை என்றார். அதற்குப் பிறகு அந்தப் பையை நான் தோளில் மாட்டவில்லை.

அப்பாவிடம் ஒரு பழங்காலக் கார் இருந்தது. படம் எடுப்பவர்களுக்கு அதை வாடகைக்கு விட்டு, தானே ஓட்டிக்கொண்டு போவார். அம்மா இறந்தபின் அப்பா, நான், என் தங்கை சின்னவள் என்று மூன்று பேருக்கும் அந்த வண்டிதான் சோறு போட்டது. ஆனால் அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. அந்த மாதிரி வண்டியைக் காதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். எஞ்சின் திணறுகிறதா, அலறுகிறதா என்று கேட்டுக் கியர் மாற்ற வேண்டும். கேட்கவில்லை என்று வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும். அதனால் நான் இடப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் விரலால் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் மேல் கியர், இரண்டு தட்டு என்றால் கீழ் கியர்.

"இது என் காது" என்று வாடகைக்காரர்களிடம் என்னைக் காட்டிச் சிரிப்பார். தெருவிலும் எனக்கு அதுவே பேராகிவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நான் ஏறாமல் அந்த வண்டி தெருமுனையைத் தாண்டாது. எங்கள் தெருவில் வேறு யாரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்?

ஒரு போட்டோகிராபர், நான் எல்லாப் படத்திலும் விழுகிறேன் என்று முகம் சுளித்தார். அடுத்த வாரமே அப்பா ஒரு ஆர்.பி.எம். மீட்டர் வாங்கி வந்துவிட்டார். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை முள் வைத்துக் காட்டும் வட்டமான கருவி. எங்கள் வண்டி செய்த காலத்தில் அதெல்லாம் வைக்கவில்லை.

"இனிமே நீ அலைய வேணாம். முள்ளு பாத்துக்கும்."

"அப்ப நான் ஸ்கூலுக்குப் போகட்டுமாப்பா?" என்று அவர் காதருகே கேட்டேன்.

"எதுக்கு? பொடிசுங்களோட உக்காந்து வாய்ப்பாடு ஒப்பிக்கவா? வாத்தியாரே சிரிப்பாரு." வாத்தியாருக்கு முன்னால் அவரே சிரித்தார்.

சின்னவளும் சிரித்தாள். "பாவம்க்கா நீ. உன் வேலைய ஒரு முள்ளு புடுங்கிக்கிச்சு" என்றாள். நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சீருடையில் நின்றுகொண்டுதான் சொன்னாள். அவள் நன்றாகப் படிப்பவள். விளையாட்டாகத்தான் சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியும்.

மீட்டரை மாட்டியது நான். டேஷ்போர்டுக்கு அடியில் நுழைய என் கைதான் தோதாக இருந்தது. மெக்கானிக் வந்து எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்று காட்டினார். கடைசியாக, மீட்டரின் முதுகில் இருந்த சின்னப் பொத்தானைத் தொட்டார். அதை நாலு, ஆறு, எட்டு என்று மூன்று இடத்தில் நகர்த்தி வைக்கலாம்.

"உங்க வண்டி நாலு சிலிண்டர். நாலுல வை. எட்டுல வெச்சீன்னா பாதிதான் காட்டும். எஞ்சின் செத்துக்கிட்டிருக்கும், முள்ளு சும்மா தூங்கிட்டிருக்கும்" என்றார். பிறகு அப்பாவின் காதில், "முள்ளு மூணாயிரத்த தாண்ட விடாதீங்க" என்று கத்திவிட்டு வேறு வண்டி பார்க்கப் போய்விட்டார்.

வேலையைச் சுத்தமாகச் செய்தேன். ஒயர் போகும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டேன். திருகாணிகள் அசையாமல் இறுக்கினேன். பொத்தானை எட்டில் வைத்தேன். கை தவறி அல்ல.

எஞ்சின் உடைய வேண்டும் என்றுதான் நினைத்தேன். உடைந்தால் முள் பொய் என்று தெரியும். அப்பா மறுபடி என்னைக் கூப்பிடுவார். வேறு யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. கரப்பான்பூச்சியைக்கூட நான் துடைப்பத்தால் தள்ளித்தான் விடுவேன்.

முதல் நாள் அப்பா முள்ளைப் பார்த்து, "என்னடி, இவ்வளவு கம்மியாக் காட்டுது?" என்றார். நல்ல எஞ்சின் அப்படித்தான் காட்டும் என்றேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் ஆகவில்லை. நெரிசலில் எந்த வண்டியும் அலறுமளவுக்குப் போகாது.

பிறகு மலைமேல் ஒரு படப்பிடிப்பு வந்தது. சின்னவளுக்கு அன்று விடுமுறை. "அக்கா சீட்டு சும்மாத்தானே கெடக்கு" என்று ஏறிக்கொண்டாள். கதவைச் சாத்தியது நான்தான். அந்த இடப்பக்கக் கதவு உள்ளேயிருந்து லேசில் திறக்காது. கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்காலால் இடிக்க வேண்டும். இது எனக்கு மட்டும் தெரிந்த சூட்சுமம். அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அவள் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக நாக்கைத் துருத்திக் காட்டினாள். நானும் கையசைத்தேன்.

மலையிறக்கத்தில் வண்டியைக் கீழ் கியரிலேயே பிடித்து இறக்குவது அப்பாவின் வழக்கம். எஞ்சின் அலறியிருக்கும். முள் மூவாயிரத்துக்குக் கீழே தூங்கியிருக்கும். "வண்டி கத்துதுப்பா" என்று சின்னவள் காதருகே கத்திச் சொன்னதாகவும், தான் முள்ளைக் காட்டி அவளை அதட்டியதாகவும் அப்பா பிறகு அழுதுகொண்டே சொன்னார். எஞ்சின் உள்ளே உடைந்து, வெளியே பீய்ச்சிய ஆயில் சூடான குழாயில் பட்டுத் தீப்பிடித்தது. அப்பா தன் பக்கமாக இறங்கிவிட்டார். சின்னவளும் அவள் பக்கமாக இறங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு புகைக்கு இந்தப் பக்கமே நின்றிருக்கிறார். அவள் கத்தியதைப் பின்னால் வந்த லாரிக்காரர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்குக் கேட்கவில்லை.

நான் அந்த இருக்கையில் இருந்திருந்தால் கேட்டிருக்கும். நான் சொல்ல வருவது அவ்வளவுதான். என்னை இறக்கிவிடாமல் இருந்திருந்தால் அவள் இன்று பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். இதை அப்பாவிடம் நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அப்பாவுக்கு இப்போது என் குரலைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. அதுவும் காதில் வாய் வைத்துக் கத்த வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் வாயைப் பார்த்துவிட்டு என் முகத்தைத்தான் பார்க்கிறார். நான் இல்லாமல் வாசல்வரைகூடப் போவதில்லை. அவரை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று மெக்கானிக் வந்தார். எரிந்த வண்டியிலிருந்து மீட்டரைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். கண்ணாடி கருகியிருந்தது. முதுகுப் பக்கம் உருகி, பொத்தான் எட்டிலேயே இறுகிப்போயிருந்தது. அதை என் முன்னால் நீட்டினார்.

"நாலுல வைக்கச் சொன்னேன்ல?"

அப்பா என்னைப் பார்த்தார். "என்னம்மா சொல்றாரு?"

"மீட்டர்ல ஒரு குறையும் இல்லையாம்ப்பா" என்று அவர் காதில் கத்தினேன். அது பொய்யும் இல்லை.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப நான்தான் ஓட்டத் தெரியாம ஓட்டிக் கொன்னுட்டேன்" என்றார். பிறகு என் கையை இழுத்துத் தன் முழங்கால்மேல் வைத்து, விடாமல் பிடித்துக்கொண்டார். ஆறுதலாக ஒரு தட்டு தட்டினேன்.

மெக்கானிக் என் விரலையே பார்த்தார். மீட்டரை முதுகு மேலே தெரிய மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார்.