பெட்டி மேல் எழுதிய பெயர்

ஜூடித்: நீ வாயே தொறக்காத. நான் பேசறேன். நீ தலைய மட்டும் ஆட்டு.

தனக்கோடி: எப்படி ஆட்டணும்? ஆமான்னா, இல்லன்னா?

ஜூடித்: "டேப்ப மாத்தி அனுப்பினது தனக்கோடிதான் சார்"னு சொல்லுவேன். அப்ப ஆமான்னு ஆட்டு.

தனக்கோடி: அடிப்பாவி! ஆறு வாரமா என் டிபன் பாக்ஸ்ல சாப்ட்டவ பேசற பேச்சா இது?

ஜூடித்: ஆறு வாரமும் புளிசாதம். அதுக்கு என்ன பெரிய நன்றிக்கடன்.

தனக்கோடி: ஜூடித், நல்லா யோசிச்சுக்கோ. இன்னும் பத்து நிமிஷத்துல ஹரிஷ்குமார் சார் கூப்பிடுவார். ட்ரெய்னிங் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டுக் குடுப்பார். கம்முனு வாங்கிட்டு, படியிறங்கி, சிவாஜிநகர் ஸ்டாண்டுல பஸ் ஏறினா முடிஞ்சுது. திங்கக்கிழம காலேஜ்ல வைவா. சர்டிபிகேட் இல்லன்னா நூறு மார்க்கு போச்சு. உனக்கு மட்டுமில்ல, எனக்கும்.

ஜூடித்: இன்னிக்கு விட்டா அப்புறம் எப்படா? ரெண்டாவது தடவ கேசட் அட்டை அச்சடிக்கப் போறாங்க. அதுலயாவது என் பேரு வரணும். 'பாடியவர்: ஜூடித்'.

தனக்கோடி: மாரியம்மன் பாட்டுக் கேசட்ல… 'பாடியவர்: ஜூடித்'. காக்ஸ் டவுன்ல உங்க டாடி மயக்கம் போட்டு விழுந்தா யாரு தூக்கறது?

ஜூடித்: டாடிகிட்ட நான் இங்க கணக்கு எழுதறேன்னு சொல்லியிருக்கேன்.

தனக்கோடி: எங்க வீட்ல நான் பெரிய பெரிய பாடகருங்க கூட காபி சாப்பிடறதா நெனச்சுட்டிருக்காங்க. மியூசிக் கம்பெனில வேலைன்னதும் ஈஜிபுரா முழுக்க சொல்லிட்டு வந்தாங்க அம்மா. இங்க வந்து நான் என்ன பண்ணேன்? கேசட்டு மேல விலை ஸ்டிக்கர் ஒட்டினேன்.

ஜூடித்: அதையும் கோணலா ஒட்டின.

தனக்கோடி: சரி, ஒரு தடவ சொல்லிப் பாரு. நான்தான் ஹரிஷ்குமார் சார்னு வெச்சுக்கோ. இரு… பேஜர பாத்துக்கறேன்… ஆங், சொல்லும்மா. சீக்கிரம். எனக்கு மீட்டிங் இருக்கு.

ஜூடித்: சார்… இந்த ஆடி மாச கேசட்டுக்கு ட்ராக் பாட வர்ற வீணாவுக்கு பொன்னுக்குவீங்கி வந்துருச்சு சார்.

தனக்கோடி: ட்ராக்னா என்னம்மா?

ஜூடித்: கம்பெனியே உங்களுது சார்!

தனக்கோடி: தெரியாத மாதிரி கேக்கறதுதான் சாரோட வழக்கம். நீ சொல்லு.

ஜூடித்: பெரிய பாடகி வெளியூர்லேருந்து வர்றதுக்கு முன்னாடி, இங்க ஒரு பொண்ணு எல்லாப் பாட்டையும் பாடி வெப்பா. பெரியவங்க வருவாங்க, ஹெட்போன்ல அதக் கேப்பாங்க, அதே மாதிரி பாடிட்டு ஏர்போர்ட்டுக்குப் போயிடுவாங்க. அப்புறம் அந்தப் பொண்ணோட கொரல தூக்கிப் போட்டுடுவாங்க. அதான் சார் ட்ராக்.

தனக்கோடி: ஓஹோ. சமைக்கறது ஒருத்தி, ருசி பாத்துட்டுப் பேரு வாங்கறது இன்னொருத்தி.

ஜூடித்: சார் இப்படியெல்லாம் பேச மாட்டார்.

தனக்கோடி: ஆமா, அவ்ளோ அறிவு இல்ல. மேல சொல்லு.

ஜூடித்: ஸ்டிக்கர் ஒட்டிட்டே நான் ஏதோ முனகிட்டிருந்தேன். சவுண்ட் இன்ஜினியர் டெஸ்மண்ட் சார் கேட்டாரு. கோந்து கையோட இழுத்துட்டுப் போயி மைக் முன்னாடி நிறுத்திட்டாரு. எட்டுப் பாட்டு. நாலு நாள். சர்ச் கொயர்ல அஞ்சு வருஷம் பாடினவ நான், உடுக்கை சத்தத்துக்கு நடுவுல 'ஆத்தா… தாயே'ன்னு தொண்டை கிழியப் பாடினேன் சார்.

தனக்கோடி: நல்லாப் பாடின.

ஜூடித்: சார் சொல்றாரா, நீ சொல்றியா?

தனக்கோடி: … சார்தான். மேல?

ஜூடித்: அப்புறம் சென்னையிலேருந்து காந்தாம்மா வந்தாங்க. மூணே மணி நேரம். மூக்குல கர்ச்சீப், கைல விக்ஸ் டப்பா. நாலு வரிக்கு ஒரு தும்மல்.

தனக்கோடி: உன்னப் பாத்து, "ஏய் பொண்ணு, சக்கரை கம்மியா ஒரு காபி கொண்டா"ன்னாங்களே, அதையும் சொல்லு.

ஜூடித்: அத எதுக்குடா ஞாபகப்படுத்தற.

தனக்கோடி: ஹெட்போன்ல உன் கொரலக் கேட்டுக்கிட்டே உன்கிட்ட காபி கேட்டாங்க. நீயும் கொண்டு போயி குடுத்த. நான் கதவுகிட்டதான் நின்னேன். அந்த ஹெட்போன் வயர இழுத்துடலாமான்னு இருந்துச்சு எனக்கு.

ஜூடித்: சக்கரை மட்டும் நாலு ஸ்பூன் போட்டேன்.

லட்சுமம்மா: ஏனம்மா, படில உக்காந்து என்ன கிசுகிசு? ரெண்டு பேரும் கல்யாணப் பேச்சா?

தனக்கோடி: அய்யோ ஆன்ட்டி, நாங்க ப்ராஜெக்ட் பேசிட்டிருக்கோம். சார் ரூம்லேருந்துதானே வர்றீங்க, கூப்பிடறாரா?

லட்சுமம்மா: சொல்ப தடி, கொஞ்சம் பொறுங்க. போன்ல இருக்காரு. அந்த மெட்ராஸ் காந்தாம்மா கூடதான் மாத்தாடுத்தா இருக்காரு. ஒரே சிரிப்பு. நவராத்திரிக்கும் அவங்களே பாடணுமாம், பட்டுச்சேலை வாங்கி வெக்கச் சொல்லி எங்கிட்ட சொல்லிட்டாரு.

ஜூடித்: நவராத்திரிக்கும் அவங்களேவா…

லட்சுமம்மா: பின்னே? இந்தக் கேசட்டு ஓடற ஓட்டம் என்ன! என் மகளுக்கு மூணு நாள் ஜொரம். நாலாவது பாட்டு போட்டதும் எழுந்து உக்காந்து சாறு கேட்டா.

ஜூடித்: நாலாவதா? ஆன்ட்டி, அந்த நாலாவது பாட்டுல நான்…

தனக்கோடி: நாலாவது பாட்டு இவளுக்கும் ரொம்பப் புடிக்கும் ஆன்ட்டி! நீங்க போங்க, சார் பெல் அடிக்கறாரு பாருங்க.

லட்சுமம்மா: பெல் எங்கப்பா அடிச்சுது? … ஹௌது, அடிக்குது. இருங்க, பந்தே, இதோ வந்துட்டேன்.

தனக்கோடி: உளறியிருப்ப!

ஜூடித்: ஜொரம் எறங்கியிருக்குடா. என் கொரலுக்கு!

தனக்கோடி: ஆஸ்பத்திரில வேலைக்குச் சேந்துடு. சரி, முக்கியமான கட்டத்துக்கு வா. டேப் எப்படி மாறுச்சு?

ஜூடித்: டெஸ்மண்ட் சார் ரெண்டு டேப் குடுத்தாரு. நான் பாடினது ஒண்ணு, காந்தாம்மா பாடினது ஒண்ணு. ரெண்டும் தீப்பெட்டி சைஸ். ரெண்டும் கறுப்பு. அவர் பெட்டி மேல மட்டும்தான் பேரு எழுதுவாரு, உள்ள இருக்கற டேப்புமேல ஒரு புள்ளி கூட வெக்க மாட்டாரு.

தனக்கோடி: நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட், பக்கம் நாப்பத்திரெண்டு. 'டேப்பின் மீதும் எழுதுவது நலம்.' அத சார் படிச்சாரா?

ஜூடித்: அட்டைய தடவிப் பாத்து, பைண்டிங் சக்கத்தா, ரொம்ப ஜோரா இருக்குன்னாரு.

தனக்கோடி: இந்தக் கம்பெனில எவன்தான் எதக் கேக்கறான், எதப் படிக்கறான்? டெஸ்மண்ட் சார் மிக்ஸ் முடிச்ச மறுநாளே கோவா போயிட்டாரு. சார் அட்டைல அம்மனுக்கு மூக்குத்தி சரியா விழுந்துருக்கான்னுதான் பாத்தாரு. காந்தாம்மா வருஷத்துக்கு நாப்பது கேசட் பாடறாங்க, ஒண்ணையாவது கேப்பாங்களா?

ஜூடித்: அதான். அலமாரிய தொடைக்கும்போது நீ ரெண்டு டேப்பையும் பெட்டி மாத்தி வெச்சுட்ட. என் டேப்பு 'காந்தா – பைனல்'னு எழுதின பெட்டில ஏறி பீன்யா கேசட் பேக்டரிக்குப் போயிருச்சு. அட்டைல காந்தாம்மா படம். உள்ள நான். இருபதாயிரம் கேசட் சார்!

தனக்கோடி: சாரா நான் இப்ப மயக்கம் போடணும்.

ஜூடித்: போடு. அதுக்கப்புறம்தான் நான் இதக் காட்டுவேன். பாரு.

தனக்கோடி: பைபிளுக்குள்ள என்ன வெச்சிருக்க? பேப்பர் கட்டிங்கா?

ஜூடித்: படி. நான் படிக்க வேண்டாம், எனக்கு மனப்பாடம். 'காந்தாவின் குரலில் இதுவரை கேட்டிராத உருக்கம். நெஞ்சு அடைத்து, கண்ணீரை அடக்கிக்கொண்டு பாடுவதுபோல் பாடியிருக்கிறார்.'

தனக்கோடி: உருக்கம்… சாதாரண வார்த்தை இல்ல ஜூடித்.

ஜூடித்: அது எனக்கு எழுதினதுடா! அவங்களுக்குப் போய்ச் சேந்துருச்சு.

தனக்கோடி: ஒரு சந்தேகம். சார் கேப்பாரு. "அது உன் கொரல்தான்னு எப்படிம்மா சொல்ற?"

ஜூடித்: உங்க ஈஜிபுரா கோயில் திருவிழாவுலதான் கேட்டேனே. நீயும் பக்கத்துல இருந்தியே.

தனக்கோடி: குழாய் ஸ்பீக்கர். பக்கத்துல பம்பை. எதிர்ல பஸ் ஹாரன்.

ஜூடித்: இருக்கட்டும். என் கொரல் எனக்குத் தெரியாதா? நாலாவது பாட்டுல மூச்சு எடுக்கற இடம் இருக்கே, அங்க உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. உனக்குத் தெரியலியா?

தனக்கோடி: எனக்கா? மொத வரிலயே தெரிஞ்சுது. கண்ணுல தண்ணி வந்துருச்சு.

ஜூடித்: கற்பூரப் புகைன்னு சொன்ன.

தனக்கோடி: புகையும் இருந்துச்சு. அது சரி… வீட்ல ஒரு தடவையாவது நிதானமா போட்டுக் கேட்டியா?

ஜூடித்: எங்க வீட்லயா? மாரியம்மன் பாட்டு போட்டா டாடி டேப்ரெக்கார்டரையே தூக்கித் தெருவுல வெச்சுடுவாரு. உன் வீட்ல?

தனக்கோடி: எங்க டேப்ரெக்கார்டர் கேசட்ட முழுங்கும். பாடாது.

ஜூடித்: ஆனா எங்க மம்மி கேட்டாங்க. காய்கறிக் கடைல ஓடிட்டிருந்துச்சாம். கேளு கதைய. வீட்டுக்கு வந்து சொல்றாங்க, "யாருடி இவ, மூக்கடைச்ச மாதிரி பாடறா? இவளுக்கு நீ எவ்ளோ தேவல"ன்னு!

தனக்கோடி: உன் கொரலையா!

ஜூடித்: பெத்த தாய்டா! தாலாட்டிலேருந்து என்னோட பாடறவங்க. எனக்கு மூக்கடைப்பாம். அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. ஊரே உருகுது, பெத்தவளுக்குக் காது கேக்கல.

தனக்கோடி: விடு. அம்மான்னா அப்படித்தான். எங்கம்மா என் போட்டோவப் பாத்து யாருன்னு கேட்டாங்க.

ஜூடித்: அதான் அட்டைல பேரு வரணும்னு சொல்றேன். மம்மி கைல குடுத்து, "இப்ப மூக்கடைச்சிருக்கா?"ன்னு கேக்கணும். அது போதும்டா எனக்கு. சர்டிபிகேட் போனா போகுது.

லட்சுமம்மா: ரெண்டு பேரும் ரெடியா இருங்க. சர்டிபிகேட் டைப் பண்ணியாச்சு. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு, மிகச் சிறந்த பணி'ன்னு போட்டிருக்கு. சார் பேனா தேடறாரு.

ஜூடித்: ஆன்ட்டி, சார் மூடு எப்படி?

லட்சுமம்மா: மஸ்து மூடு. இப்பக் கேட்டா கிட்னியக் கூடக் குடுப்பாரு. நான் பேனா எடுத்துட்டுப் போறேன்.

ஜூடித்: கேட்டியா? இதான் நேரம். பயப்படாத தனக்கோடி. தெரியாம நடந்த தப்புன்னு நான் சொல்லிடறேன். உனக்கு ஒண்ணும் ஆகாது.

தனக்கோடி: ஜூடித்…

ஜூடித்: தொடைக்கும்போது கை மாறிப் போச்சு. அவ்ளோதான். மனுஷனுக்கு வர்றதுதானே.

தனக்கோடி: ஜூடித், தெரியாம நடக்கல.

ஜூடித்: என்ன?

தனக்கோடி: கை மாறல. நான் அலமாரியவே தொடைக்கல. ஆறு வாரத்துல ஒரு நாள் கூட தொடைக்கல.

ஜூடித்: சரி… தொடைக்கல. அதனால?

தனக்கோடி: நீ அன்னிக்கு திருவிழாவுல, "தொடைக்கும்போது மாத்தி வெச்சுட்டியாடா"ன்னு கேட்டப்ப, இவ எப்படிக் கண்டுபிடிச்சான்னு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தப்பா நடந்ததுன்னே இருக்கட்டும்னு தலையாட்டிட்டேன். ஆனா வேணும்னேதான் மாத்தினேன்.

ஜூடித்: நீ… மாத்தினியா? நெஜமாவேவா?

தனக்கோடி: அந்தக் காபி விஷயம் மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. வெள்ளிக்கிழம காலையில பேக்டரி வண்டி வர்றதுக்கு முன்னாடி வந்து அலமாரியத் தொறந்தேன். ரெண்டு பெட்டியையும் தொறந்தேன். உள்ள இருந்த டேப்ப எடுத்து, அத இதுல, இத அதுல வெச்சு மூடிட்டேன். என் கைப்படவே வண்டில ஏத்தினேன்.

ஜூடித்: வெள்ளிக்கிழம… காலையில.

தனக்கோடி: ஆமா. உனக்காகத்தான். இத்தனை நாள் சொல்லல. இப்ப நீ உன் பேரக் கேக்கப் போற, நான் தெரியாம செஞ்சேன்னு பொய் சொல்லி நிக்க முடியாது. சார்கிட்ட நானே சொல்றேன். சர்டிபிகேட் போகட்டும், வருஷம் போகட்டும்… ஏன் இப்படிப் பாக்கற? கோவமா?

ஜூடித்: கோவமில்லடா… கர்ச்சீப் இருந்தா குடு.

தனக்கோடி: அழறியா? ஏய்… இதுக்குப் போய் யாராவது… நன்றியெல்லாம் வேண்டாம்பா. புளிசாதத்த மதிச்சா போதும்.

ஜூடித்: தனக்கோடி… வியாழக்கிழம சாயந்திரம் அலமாரிய பூட்டினது யாரு?

தனக்கோடி: நீதான். அந்தக் காபி டம்ளரக் கழுவிட்டு வந்து பூட்டிட்டுப் போன. எதுக்குக் கேக்கற?

லட்சுமம்மா: பன்னி, வாங்க வாங்க! சார் கரீதாரெ, கூப்பிடறாரு! மொதல்ல ஜூடித்தாம். சார் மூடு எப்படின்னு விசாரிச்சியே, கேக்க வேண்டியத சட்டுனு கேட்டுடு.

ஜூடித்: ஒண்ணும் கேக்கறதுக்கு இல்ல ஆன்ட்டி. சர்டிபிகேட் வாங்கிக்கறேன், அவ்ளோதான்.

தனக்கோடி: என்னது? ஏய், பயந்துட்டியா? உன் பேரு? அட்டை? உங்க மம்மி? நான் கூட வரேன், வா சொல்லுவோம்! கேசட்ல பாடறது நீதானே!

ஜூடித்: வியாழக்கிழம சாயந்திரமே நான் மாத்தி வெச்சுட்டேன்டா லூசு. பழிய உன் மேல போட்டுடலாம்னு இருந்தேன்… நீ மறுநாள் காலைல வந்து, ஒழுங்கா அவங்க டேப்ப அவங்க பெட்டிலயே வெச்சு அனுப்பியிருக்க. எங்க மம்மிக்குக் காது நல்லாத்தான் இருக்கு. பேப்பர்காரன் உருக்கம்னு எழுதினது, காந்தாம்மாவோட ஜலதோஷத்த.