மரியாதையாக வெந்த கை

கோலா சிலாங்கூர் கிளினிக் வரிசையில் எனக்கு முன்னால் இருவர். செம்பனை ஆலைச் சட்டை போட்ட இளைஞனின் இடது கையில் பெரிய கட்டு; மற்றவரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"பாய்லர் ரூம்ல மரியாதையா நடந்துக்கிட்டேண்ணே, அதான் கை வெந்துபோச்சு."

"என்னடா உளர்றே?"

"சூப்பர்வைசர் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லணும்னு சேஃப்டி கோர்ஸ்ல சொன்னாங்கல்ல? 'மூணாம் நம்பர் வால்வைத் திறக்கிறேன் சார்'னேன். 'என்ன, நக்கலா?'ன்னு கத்துனாரு. அன்னியோட எல்லாரும் வாய மூடிட்டோம். நேத்து 'வால்வைத் திறங்கடா'ன்னாரு. எந்த வால்வுன்னு ஒருத்தனும் கேக்கல. நான் பக்கத்துல நிக்கிறப்பவே ஒருத்தன் நீராவி வால்வைத் திறந்துட்டான்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அவரே ரிப்போர்ட் எழுதிட்டாரு லா. 'சந்தேகத்தைக் கேட்காதது தொழிலாளர்களின் தவறு'ன்னு. கையெழுத்துப் போடச் சொன்னாரு. ஒண்ணும் கேக்காம போட்டுட்டேன்."